சுண்ணாம்புக் கலயத்தில் ஒரு கிழவி

மாமா பனையேறி. பதநீர் காய்ச்சுகிற அவருடைய குடிசையில், அதை விடிலி என்போம், விறகுக் குவியலுக்கு மேலே ஓர் ஆணியில் சின்ன டார்ச் ஒன்று தொங்கும். கள்ளநோட்டைக் கண்டுபிடிக்கக் கடைகளில் வைத்திருப்பார்களே, அந்த ஊதா டார்ச். திசையன்விளையில் வாங்கியது. மாமாவுக்குக் கள்ளநோட்டைப் பற்றிக் கவலை இல்லை, நல்ல நோட்டே அவர் கையில் அதிக நேரம் தங்குவதில்லை. டார்ச் வாங்கியது தேளுக்காக. விடியும் முன்னால் காய்ந்த மட்டையையும் ஓலையையும் அள்ள வேண்டும். கை வைப்பதற்கு முன் அந்த வெளிச்சத்தை ஒரு சுற்றுச் சுற்றுவார். பகலில் மட்டையோடு மட்டையாகக் கிடக்கிற தேள், அப்போது பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் பளீரென்று காட்டிக்கொடுத்துவிடும்.

தோல் உரித்த புதிதில் தேள் அப்படி ஒளிராது, புதுத்தோல் இறுகிய பிறகுதான் ஒளிரும் என்று ஒருமுறை மாமாவிடம் சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அப்படியானால் என்னைக் கொட்டப் போவது அந்த ஒன்றுதான்" என்றார்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் நுண்ணுயிரியல் கூடத்தில் வேலை பார்க்கிறேன். என்ன வேலை என்று ஊரில் யாராவது கேட்டால் மாமாவின் டார்ச்சைத்தான் சொல்லத் தொடங்குவேன். ஒரு பொருள்மேல் ஒரு நிறத்து ஒளி விழுகிறது. பொருள் அதை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் சக்தியைத் தனக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வேறு நிறத்தில் திருப்பித் தருகிறது. விழுந்தது ஊதா என்றால் வருவது நீலம் அல்லது பச்சை. விழுந்தது நீலம் என்றால் வருவது பச்சை அல்லது சிவப்பு. பெரும்பாலும் வாங்கியதைவிடக் குறைவாகத்தான் திருப்பித் தரும், வட்டி கட்டுகிற பழக்கம் அதற்கு இல்லை. பாடநூலில் இதை உடனொளிர்வு என்கிறோம். ஜான் ஹெர்ஷல் 1845இல் கொயினா கரைசலின் மேற்பரப்பில் ஒரு நீலப் படலத்தைக் கண்டு குழம்பினார். 1852இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் அதற்குக் காரணம் சொன்னார்.

எங்கள் வீடுகளில் இதைப் பார்க்கக் கொயினா தேடிப் போக வேண்டாம். மஞ்சள்தூளைக் கொஞ்சம் ஸ்பிரிட்டில் கரைத்து அந்த டார்ச்சைக் காட்டினால் பச்சை கலந்த மஞ்சளில் தகதகக்கும். சலவைத்தூளில் துவைத்த வேட்டி நீலமாக எரியும். வேட்டியை வெள்ளையாகக் காட்ட அந்தத் தூளில் சேர்ப்பதே ஒளிரும் சாயம்தான். நம் கண்ணுக்குத் தெரியாத புறஊதாவை வாங்கி நீலமாக விடுகிறது, அதில் துணியின் பழுப்பு மறைந்துவிடுகிறது. இந்த வேட்டிச் சாயம் பின்னால் மறுபடி வரும்.

நுண்ணோக்கியில் நடப்பதும் இதுவேதான், விறகுக் குவியலின் இடத்தில் ஒரு துளி நீர் இருக்கிறது, அவ்வளவே. சிக்கல் என்னவென்றால், நாம் அனுப்புகிற ஒளி வெள்ளம், செல்லிலிருந்து திரும்பி வருவது துளி. வெள்ளத்தை அடைத்துத் துளியை மட்டும் கண்ணுக்கு விட வேண்டும். அதற்குத் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டி உள்ளே இருக்கிறது. அதில் இரண்டு வடிகட்டிகள், நடுவில் சாய்த்துவைத்த ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடி நீலத்தைத் திருப்பிக் கீழே செல்லின்மேல் அடிக்கும், செல்லிலிருந்து வரும் பச்சையைத் தடுக்காமல் மேலே விடும். வாசலில் ஆள் பார்த்து உள்ளே விடுகிற பாட்டியைப் போல. மேலிருந்தே ஒளியை இறக்கிப் பார்க்கிற இந்த முறையை 1960களில் யோஹான் ப்ளோம் செம்மைப்படுத்திய பிறகுதான் உடனொளிர்வு நுண்ணோக்கி எல்லா ஆய்வுக்கூடங்களுக்கும் வந்து சேர்ந்தது.

எங்கள் நுண்ணோக்கி பழையது. இப்போது வருகிற எல்இடி விளக்கு அதில் இல்லை, 100 வாட் பாதரச விளக்கு. 200 மணி நேரம்தான் அதன் ஆயுள் என்று கணக்கு. அதைத் தாண்டி எரியவிட்டால் வெடிக்கும் அபாயம் உண்டு. ஏற்றினால் அரைமணி நேரமாவது அணைக்கக் கூடாது, அணைத்தால் முழுக்க ஆறும் வரை ஏற்றக் கூடாது. நடுவில் மின்சாரம் போனால் அன்றைய வேலை அதோடு சரி. அதனால் பக்கத்திலேயே ஒரு நோட்டு கட்டித் தொங்குகிறது: தேதி, பெயர், ஏற்றிய நேரம், அணைத்த நேரம், நோக்கம். விளக்கின் விலை தெரிந்தவர்கள் அந்த நோட்டைப் பஞ்சாயத்துக் கணக்கைப் போலப் படிப்பார்கள். நான் ஓர் அரைமணியைக் கூடுதலாக எழுதிவிட்டு மூன்று நாள் விளக்கம் சொல்லியிருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன பங்குனியில் மாமாவின் பதநீர் ஒரு கலயம் புளித்துவிட்டது. கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவித்தான் பாளையில் கட்டுவார்கள். தடவாவிட்டால் சொட்டுகிற இனிப்பு விடிவதற்குள் கள்ளாகிவிடும். 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை, அதனால் சுண்ணாம்பு தடவுவதில் மாமா கண்ணும் கருத்துமாக இருப்பார். அன்றைக்கு உடம்பு சரியில்லாமல் வேறு ஆள் ஏறினான். ஒரு கலயத்தில் சுண்ணாம்பு குறைந்துபோயிற்று. புளித்த அந்தப் பதநீர் தெரியாமல் காய்ச்சுகிற தாச்சியில் கலந்து, அன்றைய பாகு முழுவதும் உறையாமல் போயிற்று. புளித்தால் சர்க்கரை உடைந்துவிடும், உடைந்த சர்க்கரை கட்டியாகாது. சிரட்டையில் ஊற்றிய கருப்பட்டி மறுநாளும் கையில் ஒட்டியது. அத்தையின் ஒரு நாள் உழைப்பும் ஒரு நாள் விறகும் வீண்.

அன்று மாமா கேட்டார்: "சுண்ணாம்பு போட்டால் அந்தப் புளிப்புப் பூச்சி செத்துப்போகிறதா, இல்லை சும்மா படுத்துக்கிடக்கிறதா?"

பூச்சி என்று அவர் சொன்னது ஈஸ்ட், இனிப்பைப் புளிக்கவைக்கிற ஒற்றைச்செல் நுண்ணுயிர். சுண்ணாம்பு பதநீரின் காரத்தன்மையை ஏற்றிவிடுகிறது, ஈஸ்டும் பாக்டீரியாவும் பெருகுவது நின்றுவிடுகிறது, இது புத்தகத்தில் இருக்கிற பதில். சாகிறதா, படுத்துக்கிடக்கிறதா என்பதற்கு அது பதில் இல்லை. ஒரு கலயப் பதநீரை மொத்தமாக எடுத்து எவ்வளவு சாராயம், எவ்வளவு அமிலம் என்று அளந்தால் ஓர் எண் வரும். ஒவ்வொரு ஈஸ்டுக்கும் என்ன நேர்ந்தது என்பதை அந்த எண் சொல்லாது. சராசரி எனக்கு எப்போதுமே கொஞ்சம் சந்தேகத்துக்கு உரிய ஆள். தோப்பில் 60 பனை என்றால் மரத்துக்கு இத்தனை லிட்டர் என்று வியாபாரி கணக்குப் போடுவார். மாமா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கிணற்றடிப் பனை நன்றாகச் சுரக்கும், வேலியோரத்து ஒற்றைப் பனை கோபக்காரி, இடிவிழுந்தான் பக்கத்துப் பனை வெயில் ஏறினால்தான் இறங்கும் என்றுதான் அவர் பேச்சு இருக்கும்.

இரண்டு சிறு பிளாஸ்க்குகளில் பனிக்கட்டி வைத்து, நன்றாகச் சுண்ணாம்பிட்ட கலயத்திலிருந்து ஒன்று, குறைவாக இட்டதிலிருந்து ஒன்று என்று நாங்குநேரி வழியாகப் பஸ்ஸில் கொண்டுவந்தேன். மடியில் பதநீர் என்று தெரிந்ததும் பக்கத்து இருக்கை அம்மாள் எனக்கு ஒரு வாய் கிடைக்குமா என்று கேட்டார். ஆராய்ச்சிக்கு என்று சொன்னபோது அவர் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

உயிருள்ளதையும் செத்ததையும் பிரித்துக் காட்ட இரண்டு சாயம் போதும். முதலாவது ஃபுளோரசீன் டை-அசிடேட். அதற்கு நிறமும் இல்லை, ஒளிர்வும் இல்லை. செல்லின் சவ்வைத் தாண்டி எளிதாக உள்ளே போகும். உள்ளே நொதிகள் வேலைசெய்துகொண்டிருந்தால் அதைக் கத்தரித்துவிடும், கத்தரித்ததும் அது ஃபுளோரசீன் ஆகிப் பச்சையாக எரியும், உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஆகவே பச்சை என்றால் வீட்டில் அடுப்பு எரிகிறது. இரண்டாவது புரோப்பிடியம் அயோடைடு. சவ்வு முழுதாக இருந்தால் அது வெளியிலேயே நின்றுவிடும், கிழிந்திருந்தால் உள்ளே போய் டிஎன்ஏவைப் பிடித்துக்கொண்டு சிவப்பாக ஒளிரும். சிவப்பு என்றால் சுவர் இடிந்த வீடு.

முதல் நாள் சுண்ணாம்புப் பதநீரை அப்படியே எடுத்துச் சாயம் கலந்து வைத்துப் பார்த்தேன். கண் கூசியது. மேலிருந்து கீழ்வரை ஒரே பச்சை. ஒரு துளிச் சுண்ணாம்புக்கும் அசையாத ஈஸ்ட்டைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்து ஏறக்குறைய எழுந்து நின்றேன். எங்கள் துறையின் மூத்த பேராசிரியை வந்து பார்த்தார், சிரித்தார், காரத்தன்மையை அளந்தாயா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தச் சாயத்தைக் கத்தரிக்க நொதிதான் வேண்டும் என்று இல்லை, காரமே கத்தரித்துவிடும். போதாததற்கு ஃபுளோரசீன் காரத்தில் இன்னும் பிரகாசமாக எரியும். நான் பார்த்தது உயிர் இல்லை, சுண்ணாம்பு.

பிறகு மாதிரியை மையவிலக்கியில் சுற்றி, ஈஸ்ட்டை அடியில் தங்கவைத்து, மேல்நீரை ஊற்றிவிட்டு, காரமும் அமிலமும் ஏறாமல் காக்கிற நடுநிலைத் தாங்குகரைசலில் மூன்று முறை கழுவினேன். சாதம் வடிக்கிற பொறுமை வேண்டும் அதற்கு. இரண்டாம் தவறு அதைவிட நல்ல தவறு. செல்களுக்கு இரை வைக்கப் பதநீரின் சொந்தப் பிள்ளையையே கொடுப்போம் என்று கருப்பட்டியைக் கரைத்து ஊற்றினேன். ஊதா ஒளியில் கருப்பட்டி நீரே மங்கலாக ஒளிர்ந்தது. சர்க்கரையைக் காய்ச்சிப் பழுப்பாக்கும்போது உண்டாகிற பொருள்களில் சில தாமே ஒளிரக்கூடியவை. கடைசியில் வெறும் குளுக்கோஸுக்குப் போனேன். பாளைத் துகளின் மரநாரும் தன் பங்குக்கு நீலமாக ஒளிர்ந்து தொல்லை கொடுத்தது. இந்த வேலையில் பாதி நேரம், கூப்பிடாமல் ஒளிர்கிறவர்களை வெளியே அனுப்புவதில் போய்விடும்.

மூன்றாம் நாள் படம் தெளிந்தது. சுண்ணாம்பு குறைந்த கலயத்தில் பச்சைக் குமிழ்கள், பல மொட்டு விட்டுக்கொண்டிருந்தன, தாய்க்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளை ஒட்டியபடி. சுண்ணாம்பு நன்றாக இட்ட கலயத்தில் பெரும்பாலும் சிவப்பு. என்னை நிறுத்தியவை மூன்றாம் வகை: பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. ஒளிர்வை அணைத்துச் சாதாரண வெளிச்சத்தில் பார்த்தால் செல் முழுதாக, உருண்டையாக இருக்கிறது. மறுபடி ஒளிர்வுக்கு மாற்றினால் அந்த இடம் இருட்டு. சுவர் நிற்கிறது, அடுப்பு எரியவில்லை.

செத்துக்கொண்டிருக்கிறதா, தூங்குகிறதா? ஒரு படத்தால் அதைச் சொல்ல முடியாது. ஆகவே கண்ணாடித்தகட்டின்மேல் குளுக்கோஸ் கலந்த அகார் என்ற கடற்பாசிக் கூழை ஒரு சின்ன மெத்தையாக ஊற்றி, செல்களை அதன்மேல் வைத்து மூடி, அந்த இருட்டுச் செல்களில் நான்கைக் குறித்துக்கொண்டேன். பாதரச விளக்கை மூடிவிட்டேன். அந்த ஒளியே செல்லைக் கொன்றுவிடும், பார்ப்பதற்காகக் கொல்வதில் அர்த்தம் இல்லை. சாதாரண வெளிச்சத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தேன். மூன்று அப்படியே கிடந்தன. நாலாவதின் ஓரத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடுகளவு புடைப்பு. கடுகளவு என்பது பேச்சுக்கு, செல்லே ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கு. சாயங்காலத்துக்குள் அது ஒரு பிள்ளையாகிவிட்டது.

நான்கு செல்லை வைத்துக்கொண்டு நான் கோட்பாடு எழுதப் போவதில்லை. ஆனால் ஒரே கலயத்தில், ஒரே இரவில், ஒரே சுண்ணாம்பில் கிடந்தவர்கள் ஒரே மாதிரி முடியவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தேன். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1944இல் ஜோசப் பிக்கர் என்ற மருத்துவர் பாக்டீரியாக் கூட்டத்தின்மேல் பென்சிலினை ஊற்றினார். கூட்டம் அழிந்தது, ஆனால் சில மிஞ்சின. மிஞ்சியவற்றை வளர்த்து மறுபடி பென்சிலின் கொடுத்தால் அவற்றின் பிள்ளைகளும் முன்போலவே செத்தன, மறுபடியும் சில மிஞ்சின. அப்படியானால் அவை மருந்தை எதிர்க்கக் கற்றவை அல்ல, ஒதுங்கிக் கிடந்தவை என்று ஊகித்தார். தனித்தனிச் செல்லை ஒளிர்வில் பின்தொடர்ந்து, மருந்து வருவதற்கு முன்பிருந்தே அவை மெதுவாகவோ வளராமலோ கிடந்தவை என்று நதாலி பலபானும் கூட்டாளிகளும் காட்டியது 2004இல். இடையில் 60 ஆண்டுகள்.

அதற்கு இரண்டு ஆண்டு முன், 2002இல், மைக்கேல் எலோவிட்ஸின் குழு செய்த ஒரு பரிசோதனை எனக்கு மிகப் பிடித்தது. ஒரே பாக்டீரியாவுக்குள் இரண்டு ஒளிரும் புரதங்கள். இரண்டையும் இயக்குவது ஒரே மாதிரிச் சாவி. படத்தில் ஒன்றுக்குச் சிவப்பு, இன்னொன்றுக்குப் பச்சை. செல் கடிகாரம் போல ஒழுங்காக ஓடினால் இரண்டும் சமமாகக் கலந்து எல்லாச் செல்லும் மஞ்சளாகத் தெரிய வேண்டும். தெரிந்ததோ சிவப்பு, பச்சை, ஆரஞ்சு, மஞ்சள் என்று பல நிறம். மரபணு ஒன்று, இரை ஒன்று, ஆனாலும் செல்லுக்குள் தற்செயல் புகுந்து விளையாடுகிறது. அந்த ஒளிரும் புரதங்கள் வந்த வழி ஜெல்லிமீன், அதற்காக ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் 2008இல் நோபல் பரிசு. எங்கள் கூடத்தில் மரபணுவைத் தொட வசதி இல்லை. சாயம்தான். சாயத்திலேயே செய்ய நிறைய இருக்கிறது என்பது என் கட்சி.

வேட்டிச் சாயத்துக்கு வருகிறேன். துணிக்கு வெள்ளை ஏற்றுகிற சாயங்களில் ஒன்றுக்குக் கால்கோஃப்ளூர் வைட் என்று பெயர். அது பருத்தியின் செல்லுலோஸை மட்டும் பிடிப்பதில்லை, பூஞ்சைகளின் செல்சுவரில் இருக்கிற கைட்டின் என்ற பொருளையும் பிடித்துக்கொள்ளும். ஈஸ்ட்டில் கைட்டின் அதிகமாக இருக்கிற இடம் ஒன்று உண்டு: பிள்ளை பிரிந்துபோன தழும்பு. ஒவ்வொரு மொட்டும் பிரியும்போது தாயின் மேல் ஒரு வளையத் தழும்பை விட்டுச்செல்கிறது. அது பெரும்பாலும் அழிவதில்லை. தழும்பை எண்ணினால் எத்தனை பெற்றவள் என்று தெரிந்துவிடும்.

எண்ணினேன். சுண்ணாம்பு குறைந்த அந்தக் கலயத்துச் செல்கள்தான். பாதிக்கு மேல் வழுவழுப்பு, ஒரு பிள்ளையும் பெறாத கன்னிகள். அது இயல்பு. பெருகிக்கொண்டே இருக்கிற கூட்டத்தில் பாதி இப்போது பிறந்தவை, கால்பங்குக்கு ஒரு தழும்பு, அரைக்கால் பங்குக்கு இரண்டு என்று குறைந்துகொண்டே போகும். ஒன்பது தழும்புள்ளவள் வேண்டும் என்றால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருத்தி.

நாலாம் தகட்டின் ஓரத்தில் அவள் இருந்தாள். மற்றவர்களைவிடப் பெரியவள், சற்றுக் கோணல். நுண்திருகைத் தலைமுடி அளவு திருப்பினால் மேலே மூன்று வளையங்கள் கூர்மையாகின்றன. இன்னும் திருப்பினால் அவை கலங்கி, இடுப்புப் பக்கம் நான்கு எழுகின்றன. இன்னும் கீழே போனால் அடிவயிற்றில் இரண்டு. ஒன்பது. நீல வளையல்களை ஒரு பந்தின்மேல் ஒட்டியதுபோல, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இடம் பார்த்துப் பதிந்திருந்தன. ஈஸ்ட் செல் சாகாமல் பெருகிக்கொண்டே போவதில்லை, ஒவ்வொன்றுக்கும் பேற்றுக்கணக்கு உண்டு என்று மார்ட்டிமரும் ஜான்ஸ்டனும் 1959இல் காட்டினார்கள். சராசரியாக இருபது, இருபத்தைந்து. அந்தக் கணக்கில் இவள் கிழவியே இல்லை, நடுவயதுக்காரி. ஆனால் அவளைச் சுற்றிக் கிடந்த குழந்தைக் கூட்டத்தில் அவள்தான் கிழவி.

வைகாசியில் மாமா கண் அறுவைக்குப் பின் மறுபரிசோதனைக்குப் பாளையங்கோட்டை வந்தார். கல்லூரியிலிருந்து நடக்கிற தூரம்தான். கூட்டிவந்தேன். நாற்காலியில் உட்காராமல் குனிந்து நின்றே பார்த்தார். திருகை எப்படித் திருப்புவது என்று ஒருமுறைதான் சொன்னேன். பாளையைச் சீவுகிற கைக்கு நூலளவு என்றால் என்ன என்று தெரியும், என் மாணவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்.

"இது என்ன, வட்டம் வட்டமாக?"

"ஒவ்வொரு வட்டமும் ஒரு பிள்ளை, மாமா."

எண்ணினார். மட்டை விழுந்த தழும்பைப் பனையில் எண்ணுகிறவர், கணக்குத் தப்பவில்லை. "எங்கள் அம்மையைவிட இரண்டு கூட" என்றார். ஆச்சி பெற்றது ஏழு, நிலைத்தது நான்கு. கொஞ்ச நேரம் கண்ணை எடுக்கவில்லை. சாயம் மங்கிக்கொண்டிருந்தது, ஒளியில் நிற்க நிற்க எந்தச் சாயமும் வெளிறும். எடுங்கள் மாமா, அழிந்துவிடும் என்றேன்.

"சுண்ணாம்பு போட்டதில் இவள் இருந்தாளா, போடாததிலா?"

"குறைவாகப் போட்டதில்."

"அப்படியானால் பாகைக் கெடுத்தது இவள்தான்" என்றார். குரலில் கோபம் இல்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் வாசலுக்குப் போனார். நான் விளக்கை அணைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். தேதி எழுதினேன், பெயர் எழுதினேன், 11.20 முதல் 12.05 வரை என்று எழுதினேன். நோக்கம் என்ற கட்டத்தில் மாமா என்று எழுத முடியாது. "ஒரு செல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.